கடைக்கு மேலே ஒரு வீடு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனிலிருந்து ஒருவர் வந்தார். மகளின் விடுதி விண்ணப்பப் படிவத்தை மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். புலமைப்பரிசில் பரீட்சையில் பிள்ளை நல்ல புள்ளிகள் எடுத்திருக்கிறாள். கண்டியில், என் மகள் படிக்கும் அதே பாடசாலைக்குத்தான் அவளையும் அனுப்பப்போகிறார்களாம்.

எங்கள் தோட்டத்தில் எந்தப் படிவமானாலும் என்னிடம்தான் வரும். பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, சேமலாப நிதி எல்லாவற்றையும் நான்தான் நிரப்பிக் கொடுப்பேன். தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்து ஆசிரியையானவள், இன்னும் லயத்திலேயே இருப்பவள் என்பதால் என்னிடம் கேட்க யாருக்கும் கூச்சம் இல்லை.

“உங்க புள்ளைக்கு எப்படி எழுதுனீங்களோ அப்படியே எழுதிருங்க டீச்சர்” என்றார். “அட்ரஸ் மட்டும் டவுன்ல ஒரு கடை அட்ரஸாப் போடணுமாமே. நீங்க அப்படித்தான் போட்டீங்கன்னு சொன்னாங்க. எங்க மச்சான் வேல செய்ற கடை ஒண்ணு இருக்கு.”

பேனாவை மூடி வைத்தேன்.

“தோட்டத்து அட்ரஸையே போடுவோம்ங்க.”

“அது சரிப்படுமா டீச்சர்?”

“சரிப்படும்.”

அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். “ஒங்க புள்ள போறப்ப டவுன் அட்ரஸ். எங்க புள்ள போறப்ப லயத்து அட்ரஸ். சரிதான் டீச்சர்.” கோபமாகச் சொல்லவில்லை. படிவத்தை உறைக்குள் போட்டுக்கொண்டு, தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். ஹட்டன் டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் அதை நிரப்பிக்கொண்டதாக மறுநாள் கேள்விப்பட்டேன்.

அவரிடம் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எங்கள் லயத்தில் காம்பராக்களுக்கு நடுவே இருக்கும் சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அடுத்த வீட்டில் என் அக்கா இருக்கிறாள். அவள் காதில் விழும்படி அதை என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

*

அக்கா கொழுந்து எடுப்பவள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் காலையில் பாடசாலைக்குப் போய்விடுவேன், என் கணவர் பெக்டரிக்குப் போய்விடுவார். என் மகள் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் அக்கா ஒரு வருடம் வேலைக்குப் பேர் கொடுக்காமல் வீட்டில் இருந்து அவளைப் பார்த்துக்கொண்டாள். நடக்கத் தொடங்கிய பிறகு மகள் அக்காவின் பின்னாலேயே திரிந்தாள். சனிக்கிழமைகளில் இருவரும் தேயிலைக்குள் இருக்கும் குறுக்குப் பாதையில் இறங்கி டவுனுக்குப் போவார்கள். பஸ் ஒரு மணிநேரம் சுற்றிப் போகும் தூரத்தை, பேசிக்கொண்டே இறங்கினால் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரத்தில் நடந்துவிடலாம் என்பாள் அக்கா.

மகள் புலமைப்பரிசிலில் சித்தியடைந்தபோது தோட்டமே பேசியது. கண்டியில் அந்தப் பாடசாலையும் விடுதியும் கிடைத்தன. படிவத்தை நான்தான் நிரப்பினேன். மூன்றாவது வரியில் வீட்டு இலக்கம், வீதி, நகரம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. எங்கள் வீட்டுக்கு இலக்கம் கிடையாது, வீதியும் கிடையாது. தோட்டத்தின் பெயரும் டிவிசனும் மட்டும்தான். கடிதங்கள் ஆபீசுக்கு வரும். அங்கே இரண்டு நாளோ பத்து நாளோ கிடந்து, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குக் கூடுகிற இடத்தில் யார் கையிலாவது கொடுத்தனுப்பப்படும். இதற்கு முன் ஒரு பிள்ளையின் நேர்முகப் பரீட்சைக் கடிதம் அப்படிக் கிடந்து பிந்திப்போனது.

அதனால் ஹட்டன் பிரதான வீதியில் எங்களுக்குப் பழக்கமான பலசரக்குக் கடையின் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதினேன். எங்கள் லயத்தில் சிக்னலும் கிடைக்காது. கடைக்காரரிடம் கேட்டபோது “அதுக்கென்ன டீச்சர், எழுதுங்க” என்றார். எல்லோரிடமும் சொன்ன காரணம் இதுதான். அது பொய்யும் இல்லை.

ஆனால் அடுத்த வரியில் தகப்பனின் தொழில் என்ற இடத்தில் வியாபாரம் என்று எழுதினேன். அதற்குக் கடிதம் பிந்துவதைக் காரணம் சொல்ல முடியாது.

விடுதிக்குப் போவதற்கு முதல்நாள் மாலையில் மகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். யாராவது கேட்டால் வீடு ஹட்டன் டவுனில், கடைக்கு மேல்மாடியில். அப்பா கடை வைத்திருக்கிறார். மகள் ஒருமுறை திருப்பிச் சொன்னாள். பிறகு, “பெரியம்மா எங்க இருக்காங்கன்னு சொல்றது?” என்று கேட்டாள்.

“பெரியம்மாவப் பத்தி யாரும் கேக்கமாட்டாங்க” என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா அடுப்பில் விறகைத் தள்ளும் சத்தம் கேட்டது. நான் குரலைத் தாழ்த்தித்தான் பேசினேன். எவ்வளவு தாழ்த்தினேன் என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

*

புதிய பிள்ளைகளின் பெற்றோருக்கு அதிபர் ஒரு கூட்டம் வைத்தார். மண்டபத்தில் நல்ல சேலைகளும் வாசனைத் திரவியமுமாக இருந்தது. அதிபர் மூன்று மொழிகளிலும் ஒரே விஷயத்தைச் சொன்னார். இங்கே வந்திருக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அவளவள் பாடசாலையில் முதலாவதாக வந்தவள். இனிமேல் ஒரு வகுப்பில் ஒருத்திதான் முதலாவது. மற்றவர்கள் எல்லோரும் வேறு ஏதோ ஒரு இடத்தில் இருப்பார்கள். அதைத் தாங்கக்கூடிய பெற்றோராக இருங்கள்.

அவர் மற்றவர்களுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். என் பக்கத்திலிருந்த பெண்ணைப் பார்த்துத் தலையசைத்துக்கூட வைத்தேன்.

முதல் தவணைத் தேர்ச்சி அறிக்கையில் மகள் முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொன்றாவது. கணிதத்தில் நாற்பத்திரண்டு. நான் கணிதம் கற்பிப்பவள். ஆங்கில மொழி மூலத்தில் சேர்த்ததும் நான்தான். கேள்வியை வாசித்து விளங்கிக்கொள்வதற்குள் அவளுக்கு நேரம் முடிந்துவிடுகிறது என்பது எனக்குத் தெரியும். என் வகுப்பில் ஒரு பிள்ளை அப்படித் தடுமாறினால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பேன். மகளிடம், “கவனம் எங்க இருக்கு ஒனக்கு?” என்று கேட்டேன்.

புதன்கிழமை மாலையில் விடுதியிலிருந்து பத்து நிமிடம் பேசலாம். கோயில் மேட்டில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் போய் நின்றுகொள்வேன். எந்தப் பாடத்தில் சோதனை வைத்தார்கள், எத்தனை புள்ளி, அந்தத் தலவாக்கலைப் பிள்ளை எத்தனை. இப்படிக் கேட்டு முடிக்கும்போது ஒன்பது நிமிடம் ஆகியிருக்கும். அக்கா பின்னாலேயே வந்து நிற்பாள். ஒருநாள் போனைக் கேட்டு வாங்கி, “ஏ குட்டி, தின்னியா?” என்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

“ஒங்கம்மா பேசுறதக் கேட்டா கங்காணி நிறுவை பாக்குற மாதிரியே இருக்கு” என்று வெறும் போனிடம் சொல்லிவிட்டு என் கையில் கொடுத்தாள்.

தலவாக்கலைப் பிள்ளை என்றேனே, அவள் என் மகளின் தோழி. அவளுடைய தகப்பன் ஒரு வங்கியில் முகாமையாளர். மகள் அந்த விடுதியில் சிரித்துப் பேசிய ஒரே பிள்ளை அவள்தான். மாதத்தின் கடைசி ஞாயிறுகளில் நாங்கள் பார்க்கப் போகும்போது இருவரும் கைகோத்துக்கொண்டு வருவார்கள். அக்கா ஒவ்வொரு முறையும் ரொட்டி சுட்டு, கட்டச்சம்பல் அரைத்து, வாழையிலையில் கட்டிக் கொடுத்தனுப்புவாள். அவளும் வருகிறேன் என்றுதான் சொன்னாள். பஸ்ஸில் களைப்பாக இருக்கும் அக்கா என்றேன்.

“ஏன், நான் வந்தா கொழுந்து வாசம் அடிக்குமோ?” என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

*

இரண்டாம் தவணையில், ஒரு வியாழக்கிழமை. நான்கு நாட்களாக விடாத மழை. மண்சரிவு எச்சரிக்கை வந்ததால் பிள்ளைகளை உடனே வீட்டுக்கு அனுப்புவதென்று பாடசாலை முடிவுசெய்திருக்கிறது. எனக்கு எதுவும் தெரியாது. விடுதிக்குப் பொறுப்பான மிஸ் படிவத்தில் இருந்த கடை இலக்கத்துக்கு எடுத்திருக்கிறார். தோழியின் அம்மா காரில் வந்திருக்கிறார், உங்கள் பிள்ளையையும் கூட்டிவந்து விடட்டுமா என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் நல்ல மனிதர். வரட்டும் மிஸ், நான் சொல்லிவிடுகிறேன் என்றிருக்கிறார். எங்கள் பஸ் கண்டக்டரிடம் செய்தியும் சொல்லி அனுப்பினார். வழியில் மண் விழுந்து அந்த பஸ் வரவே இல்லை. மூன்று மணிக்கு வீதியில் தண்ணீர் ஏறியதும் அவர் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். பிள்ளையைக் கூப்பிட நாங்கள் யாராவது வந்திருப்போம் என்று நினைத்தாராம்.

ஐந்து மணியளவில் பால் வாங்கிக்கொண்டு கோயில் மேட்டைக் கடக்கும்போது என் போன் அடித்தது. விடுதி மிஸ்.

“பிள்ள வீட்டுக்கு வந்து சேந்துட்டாளா டீச்சர்? கடை நம்பர்ல யாரும் எடுக்கல, அதான் பிள்ள புதன்கிழமை பேசுற இந்த நம்பருக்கு எடுத்தேன். எல்லாப் பிள்ளைகளோட பேரன்ட்ஸுக்கும் எடுத்துக்கிட்டிருக்கேன்.”

அவரே தொடர்ந்தார். “மூணரைக்கே வீட்டு வாசல்ல இறக்கி விட்டுட்டதா சொன்னாங்க. கன்ஃபர்ம் பண்ணத்தான் எடுத்தேன்.”

எந்த வீட்டு வாசல் என்று எனக்கு விளங்கிவிட்டது. அந்த வாசலில் யாரும் இல்லை என்பதும் விளங்கியது. மிஸ், அது எங்கள் வீடு இல்லை, பிள்ளை இங்கே வரவில்லை என்று சொல்லவேண்டும். அதற்கு அரை நிமிடம் போதும்.

“வந்துட்டா மிஸ்” என்றேன்.

“நல்லது டீச்சர். கவனமா இருங்க” என்று வைத்துவிட்டார்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரிடமும் சொல்லவில்லை. பதினொரு வயதுப் பிள்ளையை மழையில் காணவில்லை. அவளைக் கடைசியாகப் பார்த்தவர்களோடு பேசக்கூடிய ஒரே ஆள் போனில் இருந்தார். என் வாய் முகவரியைக் காப்பாற்றியது.

பெக்டரிக்கு ஓடினேன். கணவர் யாருடையதோ ஆட்டோவை எடுத்துக்கொண்டு டவுனுக்கு இறங்கினார். மண் விழுந்த இடத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்தாராம். நான் லயத்துக்கு வந்தபோது அக்கா கொழுந்தை நிறுவைக்குக் கொடுத்துவிட்டு வந்து, காலில் ஒட்டியிருந்த அட்டைகளுக்கு உப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க எறக்கி விட்டாங்களாம்?”

“டவுன்ல. கடையில.”

“கடையில என்னத்துக்கு எறக்கிவிட்டாங்க?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நனைந்த படங்குச் சாக்கைத் திரும்பத் தலையில் போட்டுக்கொண்டு டோர்ச்சை எடுத்தாள். “பஸ் இல்லன்னா அவ ரோட்டால வரமாட்டா. நாங்க ரெண்டு பேரும் வர்ற பாதையிலதான் வருவா” என்றாள். அவள் பின்னால் நானும் இறங்கினேன். என்னால் அவள் வேகத்துக்கு நடக்க முடியவில்லை. கீழே பனிமூட்டத்துக்குள் அவள் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. “ஏ குட்டி. குட்டியேய்.”

வெளிச்சம் போகிற நேரத்தில், கீழ் டிவிசன் மடுவத்தில், கொழுந்து நிறுக்கும் அந்தத் தகரக் கொட்டகையில் அவள் இருந்தாள். சிமெந்துத் திண்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சப்பாத்துக்களைக் கழற்றி, நனையாமல் இருக்க மடியில் வைத்திருந்தாள். வெள்ளைச் சீருடையில் முழங்காலுக்குக் கீழே இரத்தக் கோடுகள். அட்டைகள்தான். அக்கா அவளைத் தூக்கிக்கொண்டாள். மகள் அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. மூன்றாம் நாள், அக்கா வேலைக்குப் போயிருந்த நேரத்தில், மகள் தானாகவே சொன்னாள்.

கார் கடைக்கு முன்னால் நின்றபோது கடை பூட்டியிருந்தது. “பூட்டியிருக்கே மகள்” என்று தோழியின் அம்மா கேட்டிருக்கிறார். பின்பக்கம் படி இருக்கிறது, அம்மா மேலே இருக்கிறார் என்று இவள் சொல்லியிருக்கிறாள். “அப்படின்னா மேல போய் அந்த ஜன்னல்ல இருந்து கை காட்டுங்க. அப்பத்தான் நாங்க போவோம்” என்றிருக்கிறார் அவர். பொறுப்பான பெண். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

இவள் பக்கத்துச் சந்தால் பின்னால் போயிருக்கிறாள். படி இருந்தது. ஏறிப் பார்த்தாள். மேலே அரிசி மூட்டை அடுக்கும் களஞ்சியம். கதவில் பூட்டு. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“கீழ கார் நின்னுக்கிட்டே இருந்திச்சும்மா. ஹோர்ன் அடிச்சாங்க. எனக்கு ஜன்னலுக்குப் போக வழி இல்ல. பெறகு பின்னால பஸ்ஸெல்லாம் சத்தம் போட்டதும் போயிட்டாங்க.”

“அங்கேயே இருந்திருக்கலாமேடா. இல்லாட்டி பக்கத்துக் கடையில சொல்லியிருக்கலாமே.”

“பக்கத்துக் கடையில என்ன சொல்றது? எங்க வீடு எங்க இருக்குன்னு கேப்பாங்களே.”

பிறகு இன்னொன்றையும் சொன்னாள். ஒரு கடைசி ஞாயிறு, தோழி ரொட்டியைத் தின்றுவிட்டு இதை யார் செய்தது என்று கேட்டிருக்கிறாள். இவள் பெரியம்மா என்று சொல்ல வந்தாள். பெரியம்மா எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்று அடுத்துக் கேட்பார்கள். அதற்கு நான் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அதனால், “எங்க வீட்டுல வேல செய்றவங்க” என்று சொல்லிவிட்டாள்.

அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். மடுவத்தில்கூட அவள் அழவில்லை.

“பெரியம்மாகிட்டச் சொல்லாதீங்கம்மா.”

“சொல்லமாட்டேன்.”

“கார்ல கூட்டிட்டு வந்த ஆன்ட்டிகிட்ட நீங்க உண்மையச் சொல்லிருங்க. நான் சொன்னா நான் பொய் சொன்னேன்னு ஆயிரும். அப்பா சொல்லவேணாம். நீங்கதான் எனக்குச் சொல்லித் தந்தீங்க.”

சரி என்றேன். கையில் அடித்துச் சத்தியம் கேட்டாள். செய்து கொடுத்தேன்.

இங்கேயே படிக்கிறாயா என்று கேட்டபோது, போகிறேன் என்றாள். போகவேண்டாம் என்று சொல்லவும் எனக்குத் தெம்பில்லை, போ என்று சொல்லவும் இல்லை. பாடசாலை திறந்தபோது என் கணவர்தான் கூட்டிப்போனார். விடுதி மிஸ்ஸிடம் ஒரு புதிய படிவம் கேட்டு, தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் என் போன் இலக்கத்தையும் எழுதிவிட்டு, “மிஸ், நாங்க லயத்துல இருக்கோம். நான் பெக்டரியில வேல செய்றேன். மொதல்ல எழுதினது தப்பு” என்று சொல்லியிருக்கிறார். மிஸ் கோபிக்கவில்லை. எந்த ஊரென்றாலும் பரவாயில்லை, அவசரத்துக்குப் பிள்ளை எங்கே போய்ச் சேருவாள் என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்குத்தான் கேட்கிறோம் என்றாராம். பிறகு, பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, புள்ளிகளைக் கொஞ்சநாள் விட்டுவிட்டு அதைக் கேளுங்கள் என்றும் சொல்லியனுப்பினார்.

“அவ்வளவுதான். ஒரு நிமிசம் ஆகல” என்றார் கணவர், வந்து சட்டையைக் கழற்றியபடி. என்னைக் குத்திக்காட்ட அவர் சொல்லவில்லை. அவர் அப்படிப்பட்டவரில்லை.

*

ஓகஸ்ட் விடுமுறை முடியும் நேரத்தில் தோழியின் அம்மா என் போனுக்கு எடுத்தார். கண்டிக்குப் போகும் வழியில் மகளையும் ஏற்றிக்கொள்கிறேன், கடை வாசலில் நிற்கச் சொல்லுங்கள் என்றார். போனில் சொல்லலாம்தான். முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் முறை என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குச் சொல்கிறேன் என்று மகளிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அந்த வாரம் முழுக்க என்னிடம் கொஞ்சம் கூடுதலாகப் பேசினாள்.

அன்றைக்கு விடிந்ததும் அக்கா குளித்து, தீபாவளிக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு ரொட்டிப் பொட்டலத்தோடு வாசலில் நின்றாள். “இன்னைக்குப் பேர் போடல. டவுன்வரைக்கும் நானும் வாறேன். மழையில தூக்கிட்டு வந்தவளுக்கு வெயில்ல வழியனுப்ப உரிம இல்லையா?” என்றாள். மகள் என்னைப் பார்த்தாள். வரட்டும் என்றேன். வந்தால் நல்லதுதான், அவளை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. பஸ்ஸில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன். இவர் என் அக்கா. நாங்கள் தோட்டத்தில் இருக்கிறோம். கடை எங்களுடையது இல்லை. மூன்று வசனம்.

கார் வந்தது. தோழி கண்ணாடியை இறக்கி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அம்மா இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். நன்றாகச் சிரித்தார்.

“எப்படி டீச்சர் இருக்கீங்க? கடையெல்லாம் எப்படிப் போகுது?”

மகள் பையைத் தூக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பரவாயில்லீங்க” என்றேன்.

அது தானாக வந்துவிட்டது. அடுத்ததாகவாவது சொல்லிவிடலாம் என்று மூச்சை எடுத்தேன். அதற்குள் அவர் அக்காவின் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்துவிட்டார்.

“ஓ, இவங்கதானா அந்த ரொட்டி சுடுறவங்க? எங்க மகள் ஒரே புராணம். இப்படி ஒருத்தர் வேலைக்குக் கிடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும் டீச்சர். நாங்க வருசக் கணக்கா ஆள் தேடுறோம்.”

மூன்று வசனமும் என் வாயில் இருந்தன. அக்கா என் பக்கம் திரும்பினாள். பிறகு மகளைப் பார்த்தாள். மகளின் முகம் வெளுத்துப்போயிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் அக்காவுக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும்.

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனாள். பொட்டலத்தைக் கார் ஜன்னலால் நீட்டினாள். கறுப்பேறிய விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

“ரெண்டு பேரும் சாப்பிடுங்க” என்றாள். மகளிடம், “கவனமாப் போயிட்டு வாங்க பாப்பா” என்றாள்.

பிறந்ததிலிருந்து அவளைக் கழுதை, குட்டி என்றுதான் அழைத்திருக்கிறாள். வாங்க என்று அன்றைக்குத்தான் சொன்னாள்.

மகள் ஏறிக்கொண்டாள். கார் நகர்ந்தது. அவள் ஜன்னலால் தலையை நீட்டினாள். எங்களைப் பார்க்கவில்லை. கடைக்கு மேலே இருக்கும் அந்த ஜன்னலை அண்ணாந்து பார்த்துக் கையசைத்தாள். அங்கே யாரும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் அரிசி மூட்டைகள்தான் தெரிந்தன. திருப்பத்தில் கார் மறையும்வரை அவள் கையை இறக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வழக்கமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் காது வலிக்கும். எங்கள் தோட்டத்துச் சந்தி வருவதற்குக் கொஞ்சம் முன்னால், என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“புள்ளைக்கு நீ சொல்லிக் குடுத்ததா, அதுவாச் சொன்னதா?”

“நான் சொல்லிக் குடுத்ததுதான் அக்கா.”

“அப்ப சரி” என்றாள். “புள்ளையாச் சொல்லியிருந்தாத்தான் தாங்காது.”

அது ஒன்றரை மாதத்துக்கு முன். இப்போது அவள் மாலையில் எங்கள் பக்கம் தேநீர் குடிக்க வருவதில்லை. புதன்கிழமைகளில் கோயில் மேட்டுக்கும் வருவதில்லை. மகளிடம் நான் இப்போது புள்ளி கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறேன். சாப்பிட்டேன் என்கிறாள். பிறகு இரண்டு பேரும் மீதி ஒன்பது நிமிடத்தையும் போனில் வைத்துக்கொண்டு நிற்கிறோம். போன புதன்கிழமை மணி அடிக்கும் நேரத்தில், “ஆன்ட்டிகிட்டச் சொல்லிட்டீங்களாம்மா?” என்று கேட்டாள்.

“இன்னும் இல்ல” என்றேன். அந்த ஒன்றை மட்டும் பொய்யில்லாமல் சொன்னேன்.